எழுத்துவடிவக் கட்டக்கோப்புகளும் நிலப்பட மென்பொருளும்: பூஜாங் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

1.0 முன்னுரை

தமிழியல் ஆய்வில் இடம் பற்றிய வினாக்கள் புதியவை அல்ல. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் எங்கிருந்தது, முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்த்திய கடற்படையெடுப்பில் கைக்கொண்ட கடாரம் எது என்பன போன்ற வினாக்கள் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றன. இவற்றுக்கு விடை காண முற்படுவோர் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கை நோக்காமல் இருப்பதில்லை. அப்பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்கள் ஆற்றுக்கு எவ்வளவு அருகில் நின்றன, அவை எழுந்த காலத்தில் கடற்கரை எவ்வளவு உள்வாங்கியிருந்தது, ஜெராய் மலை எங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கத் தொடங்கும்போது, இலக்கியமும் கல்வெட்டும் மட்டும் போதா. நிலத்தின் உயரமும் தேவைப்படுகிறது.

இன்று அந்த உயரத்தைக் கட்டணமின்றிப் பெறலாம். கியூஜிஐஎஸ் போன்ற திறந்த மூல நிலப்பட மென்பொருளில் அதனைப் பரப்பிப் பார்க்கவும் இயலும். இத்துறைக்குப் புதியவர்களான தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் இத்தரவைப் பெரும்பாலும் எழுத்துவடிவக் கோப்பாகவே பெற விரும்புகின்றனர். காரணம் எளிது. அக்கோப்பைச் சாதாரண உரைதிருத்தியில் திறந்து படிக்க முடிகிறது. படிக்க முடிவதை நாம் நம்பிவிடுகிறோம்.

படிக்க முடிவது வேறு, பொருள் விளங்குவது வேறு என்பதை ஏட்டுச்சுவடி பதிப்பித்த மரபில் வந்த நாம் அறிவோம். எழுத்துவடிவக் கட்டக்கோப்பும் அத்தன்மையதே. அதிலுள்ள இலட்சக்கணக்கான எண்கள் எந்த நிலத்தைக் குறிக்கின்றன என்பதை முதல் ஆறு வரிகளும், கோப்பில் எழுதப்படாத சில செய்திகளுமே முடிவுசெய்கின்றன. அவற்றில் நேரும் பிழை பெரும்பாலும் பிழையாகத் தோன்றுவதில்லை. அழகான நிலப்படமாகவே தோன்றுகிறது. அந்த ஆறு வரிகளை ஆய்வாளர் தம் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டியது ஏன், எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2.0 கட்டப்படமும் எழுத்துவடிவமும்

நிலப்பட மென்பொருள் கையாளும் தரவு இரு வகைப்படும். கோயில் எச்சத்தைப் புள்ளியாகவும், ஆற்றைக் கோடாகவும், தோட்ட எல்லையை மூடிய வடிவாகவும் குறிப்பது ஒரு வகை. நிலப்பரப்பு முழுவதையும் சமமான சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண்ணைத் தருவது மற்றொரு வகை. பின்னதை ஆங்கில வழக்கையொட்டி ராஸ்டர் என்பர். கணக்குப் பயிற்சியேட்டின் கட்டங்களில் கட்டத்துக்கு ஓர் எண் எழுதுவதைப் போன்றது இது. எனவே இக்கட்டுரையில் நாம் அதனைக் கட்டப்படம் என வழங்குகிறோம். கணிதத்தில் நிரை, நிரல் என்னும் சொற்கள் உள்ளன. ஆயினும் நிரல் என்னும் சொல் கணினித்துறையில் கட்டளைத் தொகுதியையும் குறிப்பதால், மயக்கம் தவிர்க்கக் கிடைவரிசை, நெடுவரிசை என்னும் சொற்களையே இங்குக் கையாளுகிறோம்.

உயரத் தரவுக்கு எஸ்ஆர்டிஎம் எனப்படும் விண்ணோடக் கதிரலை அளவீட்டை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பயணத்தில், வடக்கு 60 பாகைக்கும் தெற்கு 56 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பின் பெரும்பகுதியைக் கதிரலையால் அளந்தது. இத்தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை என்னும் துண்டுகளாக வழங்கப்படுகிறது. ஒரு விகலை இடைவெளியில் அமைந்த துண்டில் 3,601 கிடைவரிசைகளும் 3,601 நெடுவரிசைகளும் உள்ளன. ஒரு விகலை என்பது நிலநடுக்கோட்டை அடுத்த நம் பகுதியில் ஏறத்தாழ 31 மீட்டர். பூஜாங் பள்ளத்தாக்கு, தென்மேற்கு முனை வடக்கு 5 பாகை, கிழக்கு 100 பாகை ஆகிய இடத்தில் தொடங்கும் துண்டில் அடங்குகிறது.

இத்துண்டில் மொத்தம் 1,29,67,201 எண்கள் உள்ளன. எண்ணுக்கு இரு பைட்டு வீதம் இருமவடிவில் சேமித்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ 26 மெகாபைட்டு ஆகும். எழுத்துவடிவில் ஒவ்வோர் இலக்கமும் ஒவ்வோர் இடைவெளியும் தனித்தனி பைட்டு ஆகையால் அளவு பெருகும். படிக்கும் வேகமும் குறையும். கடைசி வரிசையை அடைய மென்பொருள் அதற்கு முன்னுள்ள வரிசைகளையெல்லாம் கடந்தாக வேண்டும்.

இவ்வளவு குறைகளிருந்தும் எழுத்துவடிவம் வழக்கொழியவில்லை. இருமக் கோப்பைப் படிக்க அதன் உள்ளமைப்பு தெரிந்த மென்பொருள் வேண்டும். எழுத்துக் கோப்பைப் படிக்க எழுத்தறிவு போதும். ஒரு துறையின் மென்பொருளிலிருந்து மற்றொரு துறையின் மென்பொருளுக்குத் தரவைக் கொண்டுசெல்ல அது பொதுமொழியாக உதவுகிறது. எதிர்பாராத விளைவு தோன்றும்போது எந்த எண் அதற்குக் காரணம் என்று தேடிப் பார்க்கவும் அதில் இயலும்.

3.0 தலைப்பின் ஆறு வரிகள்

மிகப் பரவலாக வழங்கும் எழுத்துவடிவம், எஸ்ரி நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் ஆஸ்கி கட்டக்கோப்பு ஆகும். அதன் தலைப்பில் உள்ள சொற்கள் ஆங்கிலக் குறுக்கங்களாக இருக்கும். அவற்றைத் தமிழாக்கி, விளக்கத்திற்காக நாம் அமைத்த எண்களோடு ஒரு சிறு கோப்பைக் கீழே தருகிறோம்.

நெடுவரிசைகள் 4
கிடைவரிசைகள் 3
கீழ் இடது மூலையின் கிழக்குத் தொலைவு 655000
கீழ் இடது மூலையின் வடக்குத் தொலைவு 634000
கட்ட அளவு 30
தரவின்மை எண் -9999
12 14 19 25
9 11 15 -9999
4 6 10 13

முதலிரு வரிகள் கட்டப்படத்தின் வடிவைச் சொல்கின்றன. அடுத்த இரு வரிகள் அது நிலத்தில் ஊன்றப்படும் இடத்தைச் சொல்கின்றன. ஐந்தாம் வரி ஒரு கட்டத்தின் பக்க அளவு. ஆறாம் வரி, அளவீடு கிடைக்காத இடத்தில் எழுதப்படும் அடையாள எண். இவ்வாறாம் வரி கட்டாயமன்று. அது இல்லையெனில் -9999 என்றே கொள்வது வழக்கம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கட்டப்படம் ஊன்றப்படுவது கீழ் இடது மூலையில், அதாவது தென்மேற்கில். ஆனால் எண்கள் எழுதப்படுவதோ மேலிருந்து, அதாவது வடக்கிலிருந்து. ஆகவே தலைப்பை அடுத்து முதலில் வரும் 12 என்னும் எண் வடமேற்குக் கட்டத்துக்கு உரியது. அக்கட்டத்தின் மையம் கிழக்கு 655015, வடக்கு 634075 ஆகும். 634000 என்னும் எண்ணைக் கண்டவுடன் 12 என்னும் உயரத்தை அதனோடு பொருத்துவது தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழை. அந்த மூலைக்கு உரிய எண் கடைசி வரியின் முதலில் உள்ள 4 ஆகும். இவ்வாறு ஒரு சிறு கோப்பைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தின் மையத்தையும் மாணவரைக் கணக்கிடச் செய்வது, பெரிய கோப்பைக் கையாளும் முன் தரத்தக்க சிறந்த பயிற்சியாகும்.

4.0 கோப்பில் எழுதப்படாதது

மேற்காட்டிய ஆறு வரிகளில் ஒரு செய்தி இல்லை. 655000 என்பது எதிலிருந்து அளந்த தொலைவு? அது மீட்டரா, பாகையா, வேறு அலகா? எந்தப் புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டது? இவற்றையெல்லாம் தொகுத்துக் கூறுவதே ஆயமுறை. எஸ்ரி ஆஸ்கி கோப்பின் உள்ளே ஆயமுறையை எழுத இடமே இல்லை. அது பெரும்பாலும் அதே பெயருடைய தனிக்கோப்பு ஒன்றில் வைக்கப்படும். மின்னஞ்சலில் ஒரு கோப்பை மட்டும் இணைத்து அனுப்பும்போது மற்றது பின்தங்கிவிடுகிறது.

இந்நிலை தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், திஸ்கி, தாப் முதலிய குறியேற்றங்களில் தட்டெழுதிய கட்டுரையை வேறொரு கணினியில் திறந்தபோது பொருளற்ற குறிகள் தோன்றியதை நாம் மறக்கவில்லை. கோப்பு கெடவில்லை, எந்தக் குறியேற்றத்தில் படிக்க வேண்டும் என்னும் செய்திதான் கோப்போடு வரவில்லை. ஆயமுறை இல்லாத கட்டக்கோப்பின் நிலையும் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தவறான குறியேற்றம் உடனே கண்ணில் உறுத்தியது. தவறான ஆயமுறை எப்போதும் அவ்வாறு உறுத்துவதில்லை.

இரு எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கு கிழக்கு 100.4 பாகை, வடக்கு 5.7 பாகையை அடுத்துள்ளது. பாகையில் அமைந்த இக்கோப்புக்கு, மீட்டரை அலகாகக் கொண்ட யூடிஎம் 47 வடக்கு என்னும் ஆயமுறையைத் தவறுதலாகக் குறித்துவிட்டால், மென்பொருள் 100.4 என்பதை 100.4 மீட்டராகக் கொள்ளும். விளைவாக, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலமுள்ள துண்டு முழுவதும் ஒரு மீட்டர்ச் சதுரமாகச் சுருங்கி, சுமத்ராவுக்கு மேற்கே இந்துமாக்கடலில் நிலநடுக்கோட்டின் மேல் போய் விழும். இப்பிழை நகைப்புக்குரியது; ஆனால் தீங்கற்றது. படம் காணாமல் போவதால் யாரும் ஏமாறுவதில்லை.

இரண்டாவது அத்தகையதன்று. தீபகற்ப மலேசியாவின் பழைய நிலவரைபடங்கள் கெர்தாவ் 1948 என்னும் புவித்தளத்தை அடிப்படையாகக் கொண்டவை. நாட்டின் புதிய புவித்தளமான ஜிடிஎம்2000 2003ஆம் ஆண்டில் அறிமுகமானது. பழைய வரைபடத்திலிருந்து படித்தெடுத்த ஆயங்களைப் புதிய புவித்தளத்துக்கு உரியவையாகக் குறித்தால், இடம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 31 மீட்டர்க் கட்டத்தில் இது நான்கைந்து கட்டங்கள். படம் கெடாவிலேயே இருக்கும். மலை மலையாகவே தோன்றும். ஆனால் ஓடையின் இக்கரையில் அகழப்பட்ட எச்சம் அக்கரையில் நிற்கும்.

இங்குப் பயனர் வேறுபடுத்தி அறிய வேண்டிய இரு செயல்கள் உண்டு. கோப்பு எந்த ஆயமுறையில் உள்ளது என்று மென்பொருளுக்குச் சொல்வது ஒன்று. ஓர் ஆயமுறையிலிருந்து மற்றோர் ஆயமுறைக்கு எண்களை மாற்றிக் கணக்கிடுவது மற்றொன்று. முன்னது பெயரிடுதல், பின்னது பெயர்த்தல். பெயர்க்க வேண்டிய இடத்தில் பெயரை மட்டும் மாற்றுவதே பல பிழைகளுக்கு மூலம். கியூஜிஐஎஸ் மென்பொருளில் அடுக்கின் பெயருக்கு அருகில் வினாக்குறி தோன்றினால், அவ்வடுக்கின் ஆயமுறை இன்னும் சொல்லப்படவில்லை என்று பொருள். அவ்வினாக்குறியை ஊகத்தால் நீக்கக் கூடாது. தரவின் மூலத்தை அறிந்தே நீக்க வேண்டும்.

5.0 கண்ணுக்குப் புலப்படாத மூன்று பிழைகள்

5.1 மூலையா, மையமா?

தலைப்பின் மூன்றாம், நான்காம் வரிகள் இருவகையாக எழுதப்படலாம். கீழ் இடது கட்டத்தின் மூலையைக் குறிப்பது ஒரு வகை. அக்கட்டத்தின் மையத்தைக் குறிப்பது மற்றொரு வகை. எந்த வகை என்பதை அவ்வரியின் தலைச்சொல் மட்டுமே காட்டும். எஸ்ஆர்டிஎம் தரவில் எண்கள் மையத்துக்கு உரியவை. எனவே நம் துண்டின் தென்மேற்குக் கட்டத்தின் மையம் சரியாக 5 பாகை, 100 பாகை. அதன் மூலை அரை விகலை தெற்கிலும் அரை விகலை மேற்கிலும் இருக்கும். மையத்தின் எண்ணை மூலை என்னும் சொல்லோடு எழுதிவிட்டால், படம் முழுவதும் ஏறத்தாழ 15 மீட்டர் வடக்கிலும் அவ்வளவே கிழக்கிலும் நகரும். மாநில அளவிலான படத்தில் இது பொருட்டன்று. ஒரு கட்டட அடித்தளத்தின் அருகில் நிலச்சரிவைக் கணக்கிடுவோர்க்கு இது பொருட்டே.

5.2 கட்ட அளவைச் சுருக்குதல்

ஒரு விகலை என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு. பதின்மத்தில் எழுதினால் 0.000277777 என்று ஏழுகள் முடிவின்றித் தொடரும். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று யாரேனும் அதனை 0.00028 என முழுமையாக்கினால் என்ன நேரும்? வேறுபாடு ஒரு பாகையின் பத்து இலட்சத்தில் இரண்டேகால் பங்கு அளவுதான். ஆனால் அது கட்டந்தோறும் கூடிக்கொண்டே போகும். கட்டப்படம் தென்மேற்கில் ஊன்றப்பட்டிருப்பதால், அம்மூலையில் பிழை இராது. வடகிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல வளரும். 3,600 இடைவெளிகளைப் பெருக்கினால் 1 பாகைக்கு மாறாக 1.008 பாகை கிடைக்கும். அதாவது துண்டின் வட எல்லையில் பிழை ஏறத்தாழ 890 மீட்டர்.

பூஜாங் பள்ளத்தாக்கு தெற்கிலிருந்து 2,520ஆம் இடைவெளியை அடுத்தும், மேற்கிலிருந்து 1,440ஆம் இடைவெளியை அடுத்தும் உள்ளது. அங்குப் பிழை வடக்கே ஏறத்தாழ 620 மீட்டர், கிழக்கே ஏறத்தாழ 350 மீட்டர் ஆகும். தலைப்பில் சில இலக்கங்களை நீக்கியதால் ஒரு பள்ளத்தாக்கே முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. கோப்பிலுள்ள ஒன்றேகால் கோடிக்கு மேற்பட்ட உயர எண்களில் ஒன்றுகூட மாறவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். எண்களை எத்தனை முறை சரிபார்த்தாலும் இப்பிழை அகப்படாது.

5.3 தரவின்மை எண்

எஸ்ஆர்டிஎம் தரவின் மூலக்கோப்புகளில் அளவீடு கிடைக்காத இடத்தில் -32768 என்னும் எண் வரும். எழுத்துவடிவுக்கு மாற்றும்போது தலைப்பில் -9999 என்று எழுதிவிட்டு, உள்ளே -32768ஐ மாற்றாமல் விட்டால், மென்பொருள் அதனை உண்மையான உயரமாகவே கொள்ளும். 99 கட்டங்கள் 12 மீட்டர் உயரமுடையன என்றும் ஒரு கட்டம் மட்டும் இவ்வாறு அமைந்தது என்றும் கொள்வோம். நூறு கட்டங்களின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்குக் கீழே 315.8 மீட்டர் என்று வரும்.

இவ்வளவு முரணான விடை ஐயத்தை எழுப்பும். ஆனால் பழங்காலக் கடற்கரையை ஆராய்வோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியில் இப்பிழை ஒளிந்துகொள்ளும். கடல்மட்டம் 5 மீட்டர் உயர்ந்தால் எவ்வெப்பகுதி நீரில் மூழ்கும் என்று அறிய, 5 மீட்டரும் அதற்குக் குறைவும் உள்ள கட்டங்களை மென்பொருள் நீலமாக்கும். தரவில்லாத உள்நாட்டுக் கட்டம் -32768 ஆகையால் அதுவும் நீலமாகும். மலைச்சரிவின் நடுவே ஒரு சிறு குளம் தோன்றும். பழைய நீர்த்தேக்கமோ என்று ஆய்வாளர் மகிழக்கூடும். இதன் மறுதலையும் உண்டு. கடற்பரப்பு சுழியமாகக் குறிக்கப்பட்ட கோப்பும் உண்டு. தரவின்மையாகக் குறிக்கப்பட்ட கோப்பும் உண்டு. பின்னதில் இக்கணக்கைச் செய்தால் கடல் முழுவதும் விடுபட்டுப்போகும். எது இல்லை, எது சுழியம் என்னும் வேறுபாடு கணக்கில் மட்டுமன்று, ஆய்விலும் அடிப்படையானது.

6.0 ஒரே எண்கள், வேறு மரபுகள்

ஒரு நூலுக்குப் பல பாடங்கள் இருப்பதைப்போல், ஒரே கட்டப்படத்தை எழுதப் பல மரபுகள் உள்ளன. அவற்றுள் நான்கினை அறிந்திருப்பது பயன்தரும்.

எஸ்ரி மரபைக் கண்டோம். கிராஸ் என்னும் திறந்த மூல மென்பொருளின் எழுத்துவடிவில் கட்ட அளவு எழுதப்படுவதில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய நான்கு எல்லைகளும் வரிசைகளின் எண்ணிக்கையும் தரப்படும்; கட்ட அளவை மென்பொருளே வகுத்துக்கொள்ளும். ஆதலால் மேலே கண்ட சுருக்கப்பிழை அதில் எளிதில் நேர்வதில்லை. அம்மரபில் தரவின்மைக்கு வழக்கமான குறி உடுக்குறி ஆகும்; அது எண்ணோடு குழம்ப வாய்ப்பில்லை.

சர்ஃபர் மென்பொருளின் எழுத்துவடிவம் முற்றிலும் வேறு போக்குடையது. அதில் தரப்படும் எல்லைகள் கட்டத்தின் விளிம்பைக் குறிப்பன அல்ல. எண் நிற்கும் புள்ளியைக் குறிப்பன. எண்களும் தெற்கிலிருந்து தொடங்கி வடக்கு நோக்கி எழுதப்படும். தலைப்பை மட்டும் மாற்றி இதனை எஸ்ரி கோப்பாக்க முயன்றால் நிலம் தலைகீழாகும். நம் துண்டில் வடக்கு 5.79 பாகையை அடுத்துள்ள ஜெராய் மலை 5.21 பாகைக்கு இறங்கி, செபராங் பிறையின் தென்பகுதிக்கு வந்துவிடும். 1,200 மீட்டரைத் தாண்டிய மலையாதலால் இதனை எவரும் கண்டுபிடிப்பர். சமதளமான வயற்பகுதியின் சிறு துண்டாயின் கண்டுபிடிப்பது அரிது.

நான்காவது மரபில் தலைப்பே இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டத்தின் கிழக்கு ஆயம், வடக்கு ஆயம், உயரம் ஆகிய மூன்றும் எழுதப்படும். இதனை எக்ஸ்-ஒய்-இசட் கோப்பு என்பர். ஒவ்வோர் எண்ணும் தன் இடத்தைத் தானே சுமந்து வருவதால் இது மிகத் தெளிவானது. ஆனால் அளவில் மிகப் பெரியது. நம் துண்டு இவ்வடிவில் முந்நூறு மெகாபைட்டைத் தாண்டுவது எளிது. மேலும், பல நிலப்பட மென்பொருள்களுக்கு அடித்தளமான ஜிடால் நூலகம் இதனைக் கட்டப்படமாக ஏற்க வேண்டுமாயின், புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியிலும் முறையான வரிசையிலும் இருத்தல் வேண்டும். இல்லையெனில் அவற்றைப் புள்ளிகளாகவே ஏற்றி, இடைக்கணிப்பு செய்துதான் கட்டப்படமாக்க இயலும்.

7.0 விரிதாளில் திறப்பதன் இடர்

எழுத்துவடிவக் கோப்பு என்றவுடன் எக்செல் போன்ற விரிதாளில் திறந்து திருத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை இயன்றவரை தவிர்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முந்தைய எக்செல்லில் நெடுவரிசைகள் 256 மட்டுமே. பிந்தைய பதிப்புகளில் அவை 16,384 ஆகப் பெருகின. கிடைவரிசைகளின் எல்லை 10,48,576 ஆயிற்று. நம் துண்டின் எக்ஸ்-ஒய்-இசட் வடிவத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சம் வரிகள் உள்ளன. அதனைத் திறந்து மீண்டும் சேமித்தால், எல்லைக்கு அப்பாற்பட்ட வரிகள் அனைத்தும் இழக்கப்படும். அதோடு, விரிதாள் எண்களைத் தன் விருப்பப்படி முழுமையாக்கிச் சேமிக்கக்கூடும், 5.2இல் கண்ட சுருக்கப்பிழை நுழைவதற்கு இதுவும் ஒரு வாயில். பதின்மப் புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளியை இடும் வட்டார அமைப்புடைய கணினியில் சேமித்த கோப்பு, நம் மென்பொருளில் திறக்காமலும் போகலாம். தலைப்பைப் பார்க்க வேண்டுமாயின் எளிய உரைதிருத்தியே போதும்.

8.0 எண்ணின் தகுதி

தலைப்பு முழுவதும் சரியாக அமைந்த பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது. கட்டத்திலுள்ள எண் எதன் உயரம்? கதிரலை அடர்ந்த மரக்கூட்டத்தை முழுமையாக ஊடுருவித் தரையை அடைவதில்லை. ஆகவே இரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் காட்டிலும் எஸ்ஆர்டிஎம் காட்டும் உயரம் தரையின் உயரமாக இராமல், இலைக்கவிகையின் உயரத்தையும் ஓரளவு உட்கொண்டதாக இருக்கும். தோட்டத்தின் எல்லை நிலப்படத்தில் ஒரு மேடுபோல் தோன்றுவது இதனால்தான்.

எஸ்ஆர்டிஎம் திட்டம் தனக்கு வகுத்துக்கொண்ட செங்குத்துத் துல்லிய இலக்கு, நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் 16 மீட்டருக்குள் அமைதல் என்பதாகும். பல இடங்களில் உண்மையான துல்லியம் இதனினும் மேம்பட்டதே. ஆயினும், இத்தரவைக் கொண்டு 5 மீட்டர் கடல்மட்ட உயர்வைத் துல்லியமாக வரைந்துவிட்டதாக நாம் கூற இயலாது. கோப்பில் உயரம் 7.000000 என்று ஆறு பதின்ம இலக்கங்களோடு எழுதப்பட்டிருந்தாலும், மூலத்தில் அது முழு மீட்டரில் அளிக்கப்பட்ட 7 தான். சுழிகள் கூடுவதால் அறிவு கூடுவதில்லை.

மேலும், மெர்போக் ஆறும் மூடா ஆறும் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல்தான் இன்றைய சமவெளி உள்ளது. 2000ஆம் ஆண்டில் அளந்த தரையைப் பதினோராம் நூற்றாண்டின் தரையாகக் கொள்வது பொருந்தாது. எனவே இத்தகைய படங்களை விடையாகக் கொள்ளாமல், மண்ணியல் சான்றையும் அகழாய்வுச் சான்றையும் நோக்கிச் செல்லத் தூண்டும் வினாவாகக் கொள்வதே முறை.

9.0 பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து, வகுப்பறையிலும் ஆய்விலும் கடைப்பிடிக்கத்தக்க நெறிகளாகக் கீழே தருகிறோம்.

1. கோப்பை மென்பொருளில் ஏற்றும் முன், உரைதிருத்தியில் திறந்து தலைப்பு வரிகளைப் படித்துத் தனித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2. நெடுவரிசை எண்ணிக்கையைக் கட்ட அளவால் பெருக்கி, கிடைக்கும் அகலம் எதிர்பார்த்த அகலத்தோடு ஒக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருக்கப்பிழை இவ்வொரு பெருக்கலிலேயே வெளிப்படும்.

3. கோப்பின் மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் மென்பொருளில் காண வேண்டும். மிகக் குறைந்தது -32768 அல்லது -9999 எனில் தரவின்மை எண் சரியாக அறிவிக்கப்படவில்லை.

4. ஐயமற இடம் தெரிந்த அடையாளங்கள் இரண்டைத் தெரிவுசெய்து ஒப்பிட வேண்டும். ஒன்று தென்மேற்கிலும் மற்றொன்று வடகிழக்கிலும் இருத்தல் நன்று. ஒன்றில் பொருந்தி மற்றொன்றில் பொருந்தாவிடின் பிழை கட்ட அளவில் உள்ளது. இரண்டிலும் ஒரே அளவு விலகினால் பிழை ஊன்றிய இடத்திலோ ஆயமுறையிலோ உள்ளது.

5. சரிபார்த்த பின், அன்றாடப் பணிக்கு ஜியோடிஃப் போன்ற, ஆயமுறையைத் தன்னுள்ளேயே கொண்ட வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்துவடிவ மூலத்தைத் திருத்தாமல் தனியே காக்க வேண்டும்.

6. கோப்போடு ஒரு குறிப்பையும் வைக்க வேண்டும். தரவு எங்கிருந்து பெறப்பட்டது, எந்நாளில் பெறப்பட்டது, கிடைத்தளத்துக்கும் உயரத்துக்கும் உரிய புவித்தளங்கள் எவை, மூலையா மையமா, தரவின்மை எண் யாது, யார் என்ன மாற்றம் செய்தார் என்பன அதில் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் ஆறாவது நெறியே தலையாயது என்பது நம் கருத்து. சுவடியைப் படியெடுத்தவர் தம் பெயரையும் படியெடுத்து முடித்த நாளையும் இறுதியில் எழுதிவைத்த வழக்கத்தால், பிற்காலப் பதிப்பாசிரியர் பெற்ற நன்மை பெரிது. அக்குறிப்பு இல்லாத சுவடியை வைத்து அவர்கள் பட்ட பாடும் நாம் அறிந்ததே.

10.0 முடிவுரை

2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் கொண்ட சண்டி நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி வெளியானபோது நாட்டில் பெரும் வருத்தம் எழுந்தது. கற்கள் சிதைந்த பின்னர், அவை எங்கு நின்றன என்பதற்கு முன்பே எழுதிவைத்த பதிவுகளே சான்றாகின்றன. அப்பதிவு 620 மீட்டர் பிழைபட்டதாயின், இழந்ததை நாம் இரண்டாம் முறையும் இழக்கிறோம். இம்முறை நம் கையாலேயே இழக்கிறோம்.

எழுத்துவடிவக் கட்டக்கோப்பு பழைமையானது, பருமனானது, மெதுவானது. ஆயினும் அது ஆய்வாளரின் கண்ணுக்குத் தன்னைத் திறந்து காட்டுகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு. பாடத்தை ஒப்புநோக்கி, ஐயுறும் இடத்தில் நின்று, அடிக்குறிப்பு எழுதிப் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு இது புதிய திறனன்று. அப்பழைய பயிற்சியை எண்களுக்கும் நீட்டிப்பதே இங்கு வேண்டப்படுவது. பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல் பாடத்திட்டங்களில் நிலப்பட மென்பொருள் இடம்பெறுமாயின், படம் வரைவதைக் கற்பிக்கும் முன் இந்த ஆறு வரிகளைப் படிப்பதைக் கற்பிப்பது நலம்.